அதட்டியவர் போனபின் ஆலை ஏன் தடுமாறுகிறது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவரையோ ஆலையையோ யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 36. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் உணவுப்பொருள்களைப் பாக்கெட்டில் அடைக்கும் ஓர் ஆலையில் நான்கு ஆண்டு நான்கு மாதமாக வேலை செய்கிறார். பாக்கெட் போடும் லைனில் தொழிலாளியாகச் சேர்ந்தவர், இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே 28 பேர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள், மலையாளப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்கள் என மூன்று கூட்டம்.

பத்து மாதம் முன்புவரை இருந்த மேனேஜர் கடும் சத்தக்காரர். தவறு செய்தவரைச் சுவரோரம் நிறுத்திவைப்பார். "சில நேரம் பெண்களின் உடம்பைப் பற்றியும் ஏதாவது சொல்வார். ஆனால் இலக்கு ஒருநாளும் தவறியதில்லை. அவர் வெளியூர் போகும் நாளில் மட்டும் எல்லோரும் மூச்சுவிடுவோம், அன்று எண்ணிக்கை கொஞ்சம் குறையும்" என்று எழுதியிருக்கிறார். அடுத்து வந்தவர் முதலாளியின் உறவினர், மென்மையானவர். எதைக் கேட்டாலும் "நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்பார். விடுப்பு விண்ணப்பங்கள் மேசையிலேயே கிடக்கின்றன. லைனில் சண்டை, தாமதம், உற்பத்திக் குறைவு. பொறுக்க முடியாமல் இந்தச் சகோதரியும் பழைய மேனேஜரைப்போல் கத்தத் தொடங்கிவிட்டார்.

சென்ற மாதம் ஒரு பேட்ச் முழுவதும் சீல் பிரிந்து, கடைகளிலிருந்து திரும்பி வந்தது. சீல் சரியாக ஒட்டவில்லை என்பதை ஒடிசாப் பெண் ஒருத்தி அன்றே பார்த்திருக்கிறாள், வாய் திறக்கவில்லை. இப்போது நிர்வாகம் சூப்பர்வைசரிடம் விளக்கக் கடிதம் கேட்கிறது. இவருக்குத் தூக்கமில்லை, தினமும் தலைவலி. கணவர் வேலையை விடச் சொல்கிறார். "இந்த இரண்டு மேனேஜர்களில் யார் நல்ல தலைவர்? நம் ஜனங்களுக்கு அதட்டினால்தான் வேலை நடக்கும், ஜனநாயகம் எல்லாம் ஒத்துவராது என்பது சரிதானா? நான் விலகிவிடலாமா? தமிழ்க்காரி நான் புகார் எழுதினால் இங்கே யார் படிப்பார்கள்?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மேனேஜர்களில் யார் நல்ல தலைவர் என்று கேட்கிறீர்கள். கடிதத்தை மூன்று முறை படித்தபின் எனக்குத் தோன்றுவது, இருவருமே உங்களைத் தனியாக விட்டவர்கள் என்பதுதான். முன்னவர் எல்லா முடிவையும் தன் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பயத்தை மட்டும் கொடுத்தார். பின்னவர் முடிவெடுக்கும் சுமையை உங்கள் தலையில் ஏற்றிவிட்டு அதிகாரத்தைத் தராமல் இருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓராண்டாக 28 பேரை வைத்து ஆலையை ஓட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

பழைய ஒழுங்கு எவ்வளவு உண்மையானது?

"அவர் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது" என்கிறீர்கள். ஆனால் அவர் இல்லாத நாளில் எண்ணிக்கை குறையும் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் முக்கியமான வரி அதுதான்.

1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரும் ரொனால்டு லிப்பிட், ரால்ப் வைட் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றுக்கும் ஆணையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசித் திட்டமிட்டு, தானும் உடன் நின்றார். மூன்றாம் வகை, எதிலும் தலையிடாமல் ஒதுங்கியிருந்தவர். ஆணையிடும் தலைவர் அறையில் இருந்தபோது வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. கலந்து பேசும் தலைவரின் குழுவில், அவர் வெளியே போனாலும் வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. ஒதுங்கியிருந்தவரின் குழுவில் வேலையும் குறைவு, மனநிறைவும் குறைவு.

அந்தச் சோதனையில் அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவும் உண்டு. உங்கள் ஆலைக்கு அது மிகவும் பொருந்துகிறது. ஆணைக்கு அடங்கி வாய்மூடி இருந்த குழுவைக் கட்டுப்பாடு தளர்ந்த சூழலுக்கு மாற்றியதும், அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் முதலில் ஒருவர்மீது ஒருவர் பாய்வதாக வெளிப்பட்டது. பழைய மேனேஜர் போனபின் உங்கள் லைனில் கிளம்பிய சண்டைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சுவரோரம் நிறுத்தப்பட்டவர்கள், அவமானத்தை விழுங்கியவர்கள், இப்போதுதான் குரலெழுப்புகிறார்கள். அந்த வேகத்துக்கு வடிகால் அமைக்க ஒரு தலைவர் வேண்டும். புதியவர் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார். பத்து வயதுச் சிறுவர்களும் கூலிக்கு வேலை செய்யும் பெண்களும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் பல ஆலைகளின் ஊழியர்களிடம் பேசும் என் தொழிலில், அதட்டலுக்குப் பின் வரும் இந்தக் கொந்தளிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆகவே "ஜனநாயகம் ஒத்துவராது" என்ற முடிவுக்கு நீங்கள் வரவேண்டியதில்லை. உங்கள் ஆலையில் அது இன்னும் நடந்து பார்க்கப்படவே இல்லை. "நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, எடுத்த முடிவுக்கு ஒப்புதலும் தராமல் இருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. கலந்து பேசும் தலைவர் எல்லோரையும் கேட்பார், ஒரு நாளைக் குறித்து முடிவெடுப்பார், அந்த முடிவு தவறினால் முன்னால் வந்து நிற்பார்.

நம் ஜனங்களைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு வருத்தம் தந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, தாங்களே கூடி முடிவெடுத்து, அரசைப் பேச்சுவார்த்தைக்கு வரவழைத்தார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தை யாரும் அதட்டி நடத்தவில்லை. நம் பெண்களுக்கு அதட்டல்தான் வேண்டும் என்று இனி யார் சொன்னாலும், நீங்கள் அதற்குத் தலையாட்ட வேண்டாம்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றும் இருக்கிறது. பெண்களின் உடம்பைப் பற்றிப் பேசுவதைக் கண்டிப்பு என்ற கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது பணியிடப் பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோரிடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அந்த மேனேஜர் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டதால் அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் உங்கள் ஆலையில் அந்தக் குழு இருக்கிறதா, உறுப்பினர்கள் யார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் லைன் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள். அடுத்தவர் யாரும் அப்படிப் பேசத் துணியக் கூடாது.

அந்தப் பெண் ஏன் பேசவில்லை?

சீல் பிரிந்த பேட்சுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின்மீது உங்களுக்குக் கோபம் இருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. அவள் நிலையில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். வீட்டிலிருந்து பல நூறு மைல் தள்ளி வந்தவள். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. சீலைப் பற்றிச் சொன்னால் இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் நீங்கள் கத்துவீர்கள். சொல்லாமல் இருந்தால் அன்றைய பொழுது நிம்மதியாகக் கழியும். பயம் உள்ள இடத்தில் யாரும் இந்தக் கணக்கைத்தான் போடுவார்கள்.

மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, 1990களில் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. விசாரித்தபோது காரணம் விளங்கியது. அந்தக் குழுக்களில் தவறு நடந்தால் வெளியே சொன்னார்கள். கடுமையான தலைமை உள்ள இடங்களில் மறைத்தார்கள். பழைய மேனேஜர் காலத்தில் தவறே வரவில்லை என்று நினைக்கிறீர்கள். அவருடைய காதுக்கு வரவில்லை என்பதுதான் நமக்குத் தெரிந்தது.

நீங்கள் கத்தத் தொடங்கியதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. மேலே இருப்பவர் நம்மை நடத்திய விதத்திலேயே கீழே இருப்பவரை நடத்தத் தோன்றும். நெருக்கடியில் பழகிய குரல்தான் முதலில் வெளிவரும். ஆனால் இதை மாற்றுவதற்கு மேனேஜரின் அனுமதி தேவையில்லை. உங்கள் லைன் எல்லைக்குள் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

முதலாவது, லைனை நிறுத்தும் உரிமை. டொயோட்டா ஆலைகளில் குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவார், அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். உங்கள் மேசைகளில் ஒரு சிவப்பு அட்டை போதும். அதற்கு மொழி வேண்டாம். சீலில் சந்தேகம் வந்தால் அட்டையைத் தூக்க வேண்டும், நீங்கள் வந்து பார்ப்பீர்கள். முதல் முறை தூக்குபவரின் சந்தேகம் தவறாகவே இருந்தாலும், எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். அந்த முதல் முறையில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை 28 பேரும் கவனிப்பார்கள். அதன்பிறகு அட்டை பயன்படுமா, தூசி படியுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

அடுத்தது, எதைக் கேட்டுச் செய்வது, எதைக் கேட்காமல் செய்வது என்ற பிரிவு. சீல் இயந்திரத்தின் சூடு, தேதி முத்திரை, கைச் சுத்தம் இவற்றில் வாக்கெடுப்பு இல்லை. உங்கள் சொல்லே இறுதி. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒவ்வொன்றையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், அதை அவர்கள் அதிகாரமாக நினைக்கமாட்டார்கள். ஆனால் யார் எந்த இடத்தில் நிற்பது, இடைவேளை யாருக்கு முன்னே யாருக்குப் பின்னே, பண்டிகை விடுப்பு யாருக்கு எப்போது என்பதையெல்லாம் அவர்களே பேசி வரட்டும். உங்கள் லைனில் இதற்கு நல்ல வசதியும் இருக்கிறது. தமிழ்ப் பெண்களுக்குப் பொங்கலும் ஆடிப்பெருக்கும், மலையாளப் பெண்களுக்கு ஓணமும் விஷுவும், ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் வரும் ரஜ பண்டிகையும் வெவ்வேறு நாட்கள். ஒருவருக்கொருவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டால் மூன்று கூட்டமும் ஊர் போய் வரலாம். விடுப்புப் பட்டியலை அவர்கள் கையாலேயே எழுதவைத்து, மேனேஜரின் கையெழுத்துக்கு மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.

கண்டிக்க வேண்டியவரைத் தனியாக அழைத்துக் கண்டியுங்கள். அந்த ஒடிசாப் பெண்ணிடமும் அப்படித்தான். அவள் மொழி தெரிந்த ஒருத்தியை உடன் வைத்துக்கொண்டு, "அன்று சொல்லப் பயமாக இருந்ததா?" என்று கேட்டு, அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

விளக்கக் கடிதமும் மேனேஜரும்

கேட்ட கெடுவுக்குள் விளக்கம் கொடுத்துவிடுங்கள். கோபத்திலோ அழுகையிலோ எழுத வேண்டாம். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த இயந்திரம், சூடு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, லைனை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் தரப்பட்டிருந்ததா, பழுது பற்றி முன்பே யாரிடமாவது சொன்னீர்களா, இவ்வளவுதான். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அந்தப் பெண்ணைப் பலியாக்கி நீங்கள் தப்பிக்கும் விதமாக எழுதாதீர்கள்; அப்படிச் செய்தால் இனி உங்களிடம் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். முழுப் பொறுப்பும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தை யார் தயாரித்துக் கொடுத்தாலும் கையெழுத்திடாதீர்கள். நகல் ஒன்றில் 'பெறப்பட்டது' என்று தேதியுடன் வாங்கி வீட்டில் வையுங்கள்.

மேனேஜரிடம் பேசும்போது "நீங்கள் எதையும் கவனிப்பதில்லை" என்று தொடங்கினால் அவர் கதவை மூடிக்கொள்வார். முடிவெடுக்கத் தயங்குபவருக்கு முடிவைச் சுலபமாக்கிக் கொடுக்க வேண்டும். மூன்று கோரிக்கைகளோடு போங்கள்: குறை கண்டால் லைனை நிறுத்தும் அதிகாரம், இரண்டு நாள் வரையிலான விடுப்பை நீங்களே அனுமதிக்கும் அதிகாரம், ஆள் குறையும் நாளில் மாற்று ஆளுக்கு யாரைக் கேட்பது என்ற தெளிவு. அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி நாலு வரி எழுதி அனுப்புங்கள். அவர் மறுத்தாலும் மறுத்ததற்குச் சான்று இருக்கும்.

உங்கள் உரிமைகள்

வெறும் அதட்டலுக்கும் அவமதிப்புக்கும் எதிராக, அது பாலியல் சார்ந்ததாக இல்லாதபோது, நம் நாட்டில் தனியான மத்தியச் சட்டம் கிடையாது. அதனால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில், நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம அளவில் இருக்கும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். கிடப்பில் போடப்பட்ட விடுப்புகள், மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தராமை போன்றவற்றை லைன் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகலாம். சூப்பர்வைசர் என்பதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதவிப் பெயரை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்கமாட்டார்கள். நீங்கள் உண்மையில் செய்யும் வேலையையும் வாங்கும் ஊதியத்தையும் பார்ப்பார்கள். நியமன ஆணையையும் ஊதியச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு பாலக்காட்டில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.

தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே கடிதம் எழுத இடம் கொடுக்கிறது. உங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழர்கள் அந்த உரிமையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குத் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். மலையாளம் எழுதத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள், காரியம் விரைவாக நடக்கும்.

வேலையை விடுவதா?

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. தூக்கமும் தலைவலியும் சாதாரண விஷயமல்ல. இந்த வாரமே மருத்துவரிடம் போய் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே போகலாம். இரவில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அங்கே பேசியது ஆலைக்குத் தெரியவராது.

உடம்பு உடனே விலகச் சொல்கிறது என்று மருத்துவர் சொன்னால், மற்றக் கணக்குகளை ஒதுக்கிவிட்டு விலகிவிடுங்கள். அந்த நிலை இல்லையென்றால் எட்டு மாதம் பொறுக்கச் சொல்வேன். ஐந்து ஆண்டு நிறைந்தால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. சூப்பர்வைசர்களுக்கும் அது பொருந்தும். கடைசியாக வாங்கும் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்குரிய தொகை. அது 15,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 9,000, ஐந்து ஆண்டுக்கு 45,000. நான்கு ஆண்டும் 240 நாளும் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலும், அதை நம்பி முன்கூட்டியே விலகினால் வழக்காடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இந்த எட்டு மாதத்தில் முதல் மூன்று மாதத்தை ஆலைக்குக் கொடுங்கள். சிவப்பு அட்டை, விடுப்புப் பட்டியல், மேனேஜரிடம் வைக்கும் மூன்று கோரிக்கைகள், இவற்றால் லைனில் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். மேனேஜர் எந்த அதிகாரமும் தராமல் பழியை மட்டும் தந்துகொண்டே இருந்தால், மீதி மாதங்களில் கஞ்சிக்கோட்டிலோ கோயம்புத்தூர்ப் பக்கத்திலோ வேறு வேலை தேடுங்கள். லைனையும் ஆட்களையும் அறிந்த பெண் சூப்பர்வைசருக்கு அங்கே தேவை இருக்கிறது. புதிய இடத்தின் நியமன ஆணை கைக்கு வந்தபிறகு ராஜினாமா எழுதுங்கள். பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல், அதே யூ.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) கொடுத்துப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும், இந்த ஐந்து ஆண்டும் அதில் சேரும்.